இணைய வகுப்பில் குழு வேலை: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி ஆசிரியர், மதுரை): ஜூமில் மாணவர்களைத் தனித்தனி அறைகளுக்கு அனுப்புகிறேன். எட்டிப் பார்த்தால் எல்லா அறையிலும் மௌனம். என்ன செய்வது?

அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? “மூன்றாம் பாடத்தை விவாதியுங்கள்” என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தனி ஒருவர் முடிக்கக்கூடிய வேலையை நால்வரிடம் கொடுத்தால், அந்த ஒருவர்தான் முடிப்பார். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கிப் பகை மூண்டபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர் சொல்லக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது.

நான் 2015 சென்னை வெள்ளத்தை இப்படிப் பிரிப்பேன். ஒருவரிடம் மழை அளவு, இன்னொருவரிடம் செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு, மூன்றாமவரிடம் அடையாற்றின் வரைபடம், நான்காமவரிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கிய விவரம். எல்லாக் குழுக்களிலும் ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் பத்து நிமிடம் கூடித் தெளிவு பெறுவார்கள். பிறகு அறைகளைக் கலைத்து, நான்கு துண்டும் சேரும்படி அனுப்புவேன். கேமராவை ஒரு நாளும் திறக்காத மாணவி ஒருவர், “ஏரி திறந்த நேரம் என்னிடம் இருக்கிறது” என்றதும் மற்ற மூவரும் பேனாவை எடுத்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஒன்று முக்கியம்: வேலையை எழுத்தில் கொடுத்த பிறகே அறையைத் திறங்கள்.

கேள்வி: எந்தச் செயலி நல்லது?

உங்கள் மாணவர்களின் கைபேசியில் தடையின்றி ஓடுவது.

கேள்வி: பெரிய படிப்பு, ஆயிரக்கணக்கானோர். குழுவில் அவர்களே பெயர் பதியட்டுமா?

வேண்டாம். 2013இல் ஜார்ஜியா டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்திய படிப்பில் சுமார் 41,000 பேர் சேர்ந்தார்கள். குழுவில் பெயர் பதியக் கொடுத்த கூகுள் விரிதாள் கூட்டத்தைத் தாங்கவில்லை. முதல் வாரத்திலேயே படிப்பு நின்றது. அந்தப் படிப்பின் பாடமே இணையக் கல்வியை எப்படி நடத்துவது என்பதுதான். குழுக்களை நீங்களே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: அறைகளில் யாரும் பேசுவதில்லையே?

முதல் பதிலைப் படியுங்கள். வேலையை எழுத்தில் கொடுங்கள், பிறகு அறையைத் திறங்கள்.

கேள்வி: குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடலாமா?

கூடாது. தேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைவதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்தே அளந்து 1913இல் வெளியிட்டார். அதனால்தான் குழுவுக்கு நால்வருக்கு மேல் வேண்டாம் என்கிறேன்.

மறுப்பு (மென்பொருள் பயிற்சியாளர்): அலுவலகத்தில் குழுவுக்குத்தானே பெயர் கிடைக்கிறது? பழகட்டுமே.

அலுவலகத்தில் வேலை செய்யாதவரைக் கேட்க மேலாளர் இருக்கிறார். பத்தொன்பது வயதுப் பெண் தன் தோழியைப் பற்றி யாரிடம் முறையிடுவாள்? இரவெல்லாம் விழித்து நால்வரின் பங்கையும் அவளே எழுதுவாள்.

மறுப்பு: தனி மதிப்பெண் என்றால் போட்டிதான் வரும்.

மதிப்பெண்ணை வளைகோட்டில் பங்கிட்டால், அதாவது இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண் என்று முன்பே வரையறுத்தால், வரும். ஆளுக்கு ஆள் தனித் தேர்வு வைத்து, கேள்விகளை நான்கு துண்டுகளிலிருந்தும் எடுங்கள். தோழிக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மாணவிக்கு எதுவும் குறையாது, தோழி தன் துண்டைச் சொல்லாவிட்டால்தான் குறையும். இதில் போட்டி எங்கே?

கேள்வி: மௌனமான அறைகளுக்கு வேறு வழி?

முதல் பதில்.