ஆசைக் கிட்டாரில் எதை மாற்றலாம்? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தக் கருவி) வாங்கலாம் என்பதுதான். பெரம்பூரில் என் மேசைக்கு வரும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் வேண்டியது பிக்கப் இல்லை. அதனால் சில பதில்கள் கேட்ட இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகும்.

ராயபுரம் வாசகர்: அண்ணே, என்னுடையது மூன்று பிக்கப் உள்ள ஸ்ட்ராட் வகை கிட்டார். ஆம்பில் போட்டாலே 'ம்ம்ம்' என்று இரைகிறது. இரைச்சல் இல்லாத பிக்கப்பாகப் பார்த்து மாற்றிவிடவா?

மாற்றலாம். அதற்கு முன் ஐந்து நிலை சுவிட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால் அந்த இரண்டு இடத்திலும் இரைச்சல் அமுங்கும். அமுங்கினால் பழுது ஒன்றும் இல்லை, ஒற்றைக் காயில் (ஒரே ஒரு கம்பிச் சுருள்) பிக்கப்பின் பிறவிக் குணம் அது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்த அலையை அது பிடித்துக்கொள்கிறது. கிட்டார் நிறுவனமான கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர், இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்கப்பை உருவாக்கி 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். 'ம்ம்ம்' இல்லாமல் 'கிர்ர்' என்று கரகரத்தால், அறையில் உள்ள ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். பிக்கப் குழிக்குள் செப்பு நாடா ஒட்டி எர்த்தோடு இணைத்தால் கரகரப்பு குறையும். 'ம்ம்ம்' அதற்கெல்லாம் அடங்காது.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். கம்பியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் உலோகப் பாகம்) வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. ஆம்பில் கசிவு இருந்தால் அது நேராக உங்கள் விரலுக்கு வரும். அந்த நேரத்தில் உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. இரைச்சல் குறையும் என்று மூன்றாவது பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்து, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல்லுங்கள். பிக்கப்புக்கு எடுத்து வைத்த காசு முதலில் அங்கே போகட்டும்.

காசிமேடு வாசகர்: வீடு கடலுக்கு எதிரே. ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடிக்கிறது.

உப்புக் காற்று யாரையும் விடாது. பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலையும் ஸ்க்ரூவையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள், உங்கள் தெருவுக்கு இது ஆடம்பரம் இல்லை. பூச்சு போட்ட கம்பி வாங்குங்கள். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேசில் மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம், சிக்குப் பிடித்து நாற்றம் எடுக்கும்.

வியாசர்பாடி வாசகர்: கானா குழுவில் வாசிக்கிறேன். கமகம் நன்றாக வர ஃபிரெட்போர்டை (விரல் வைக்கும் பலகையை)க் குடைந்து ஸ்கேலப் செய்யலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல ஸ்வரம் கிடைக்கும். கிட்டாரில் விரல் நுனி மரத்தில் உரசுவதால் அந்த இழுப்பு வருவதில்லை. இரண்டு ஃபிரெட்டுக்கு (மெட்டுக்கு) நடுவே மரத்தைக் குழிவாக்கினால் உரசல் போய்விடும். ஜான் மெக்லாக்லின், இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் வாசித்த கிட்டாரின் ஃபிரெட்போர்டு அப்படிக் குடைந்ததுதான். நம் ஊரில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருக்கும் வாத்தியத்தில் ஐந்து ஒற்றைத் தந்தி போட்டு வாசித்தார். வாசிக்கப் போகும் இசை கேட்டதால் செய்த மாற்றம் அது. மாற்றம் என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

உங்கள் இசை என்ன கேட்கிறது? கானாவுக்கு நீங்கள் கார்டும் பிடிக்க வேண்டும். குடைந்த போர்டில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும், பாடுபவருக்கு எரிச்சலாகிவிடும். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால் முதலில் மெல்லிய 009 கேஜ் கம்பி போட்டு ஒரு மாதம் வாசியுங்கள். போதாவிட்டால் உயரமான ஜம்போ ஃபிரெட் போடலாம், விரல் மரத்தை விட்டு எழும்ப அதுவே பெரும்பாலும் போதும். அதுவும் போதாது என்றால், உங்கள் கிட்டாரின் நெக் (ஃபிரெட்போர்டு இருக்கும் கழுத்து) ஸ்க்ரூவில் நிற்பதுதானே, மலிவான இன்னொரு நெக் வாங்கி, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே மட்டும் குடையுங்கள். கார்டு கீழே, கமகம் மேலே. பிடிக்காவிட்டால் பழைய நெக்கை மாட்டிக்கொள்ளலாம். ராவும்போது முகக்கவசம் கட்டாயம், ரோஸ்வுட் தூள் மூச்சுக்கு நல்லதல்ல.

கொளத்தூர் வாசகர்: வால்யூமைக் குறைத்தால் ஒலி மந்தமாகிறதே?

1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 150கே ரெசிஸ்டர் ஒன்று. இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) பாகத்தில் பிக்கப் ஒயர் வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே சால்டர் செய்யுங்கள். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அந்த 'பாட்' பாகத்தையே மாற்றுவதாக இருந்தால் ஒற்றைக் காயிலுக்கு 250கே, ஹம்பக்கருக்கு 500கே.

பெரம்பூர் வாசகர்: ஐந்து கிட்டார் சேர்த்துவிட்டேன். ஒன்றும் சுருதியில் நிற்கவில்லை. ஐந்துக்கும் லாக்கிங் டியூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி) போட ஆசை.

ஆசை புரிகிறது. ஆனால் கம்பியை இழுத்து விடும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் குற்றம் டியூனரில் இல்லை, தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டில் கம்பி சிக்குகிறது. காடியில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். சரியானால், ஒரு டியூனர் செட் காசில் இரண்டு மூன்று கிட்டாருக்கு எலும்பு நட் வெட்டிவிடலாம். அப்புறம், ஐந்தையும் ஒரே மாதிரி மாற்றாதீர்கள். ஒன்று ஹம்பக்கரோடு, ஒன்று ஒற்றைக் காயிலோடு, ஒன்று சுருதி இறக்கித் தடித்த கம்பியோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எந்த வேலையும் ஒட்டாத கிட்டாரை விற்றுவிட்டு, அந்தக் காசில் மற்றவற்றின் ஃபிரெட்டை லெவல் செய்யுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: அப்பா 1980-களில் சர்ச் இசைக்குழுவில் வாசித்த கிட்டார். அவர் இப்போது இல்லை. புது பெயிண்ட், புது பிக்கப், எல்லாம் செய்து மேடையேற்ற வேண்டும்.

மேடையேற்றுங்கள், அதற்குத்தானே அது இருக்கிறது. பெயிண்ட் மட்டும் வேண்டாம். அவர் முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் அதில் இருக்கும், அதை ராவி எடுத்தால் திரும்ப வராது. வால்யூம் 'பாட்' பாகத்துக்கும் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, புதுக் கம்பி போட்டு, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 1.6 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்து ஒரு வாரம் வாசியுங்கள். பழைய பிக்கப்பே உங்களுக்குப் பிடித்துப் போகலாம். பிடிக்காமல் மாற்றினால், ஒயரை வெட்டாமல் சால்டரை உருக்கிக் கழற்றுங்கள். கழற்றியதைப் பையில் போட்டு, எது நெக் பக்கம், எது பிரிட்ஜ் பக்கம் என்று எழுதி, அந்தக் கிட்டார் கேசிலேயே வையுங்கள்.