நான்காவது முறை எப்படி விடுவது?

கேள்வி: எனக்கு 41 வயது. எழுந்த பத்து நிமிடத்தில் முதல் சிகரெட் வேண்டும். மூன்று முறை விட்டுப் பார்த்தேன். முதல் முறை மூன்றாம் நாளே எரிச்சல் தாங்காமல் வாங்கிவிட்டேன். அடுத்து நிகோடின் சூயிங்கம். விக்கல்தான் வந்தது, ஆசை அடங்கவில்லை. போன வருடம் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். நண்பர் நீட்டிய ஒன்றை வாங்கினேன், மறுநாளே முழு பாக்கெட். எனக்கு மன உறுதி கிடையாது என்கிறாள் மனைவி. எந்த வழி சரிப்படும்?

பதில்: இரண்டு மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவருக்கு மன உறுதி கிடையாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். மூன்று முறையும் நீங்கள் சறுக்கிய இடம் வேறு வேறு. அதை வைத்தே வழியைத் தேடலாம்.

நிகோடின் நின்றதும் வரும் எரிச்சலும் தூக்கக் கேடும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும். சில வாரங்களில் தணியும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பிடிப்பவர்களுக்கு உடல் ரொம்பவே பழகியிருக்கும். உங்களைப் போன்றவர் வெறுங்கையோடு அந்த நாட்களைத் தாண்டுவது பெரும்பாடு.

சூயிங்கம் விஷயத்தில் உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல் அதனால்தான். மெதுவாக மெல்லுங்கள். காரமாகச் சுரீரென்று ஒரு சுவை வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுவை குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். அவை நிகோடின் வாயில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. உங்களுக்கு 4.

அப்புறம், சூயிங்கம் மட்டும் போதாது. தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் தரும், திடீரென்று கிளம்பும் ஆசைக்குச் சூயிங்கம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிட நன்றாக வேலை செய்கிறது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். இதய நோயோ வேறு மருந்துகளோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின் மாத்திரை பற்றியும் அவரிடமே கேளுங்கள். வழக்கமாக, விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிட வேண்டும். எதை எடுத்தாலும் நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

காபி குடிப்பவரா? சிகரெட் புகை காபியிலுள்ள கஃபீனை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும். விட்ட பிறகு அதே அளவு காபி படபடப்பைத் தரும், அதையும் சிகரெட் ஏக்கம் என்றே நினைத்துக்கொள்வோம். பாதியாகக் குறையுங்கள்.

கடைசியாக, அந்த நண்பர். அவரிடம் விடும் தேதியை முன்கூட்டியே சொல்லி, எனக்கு நீட்டாதே என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் மீறி ஒன்றைப் பிடித்துவிட்டால், சரி, ஒன்றுதானே பிடித்தீர்கள்! மறுநாள் காலை வழக்கம்போல பேட்சை ஒட்டிக்கொள்ளுங்கள்.