பழைய மதில் தோட்டத்தை மீட்டெடுக்க எங்கே தொடங்குவது?

இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றில், மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம் புதர் மண்டிக் கிடக்கிறது, முதலில் என்ன நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டெவன் பகுதியில் இப்படியொரு தோட்டத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். நடுவதை ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். முதலில் மதிலைப் பாருங்கள்.

அந்த மதில் வெறும் வேலி அல்ல. பகல் வெயிலில் சூடேறும் செங்கல், அந்தச் சூட்டை இரவில் மெல்ல வெளியிடும். அதனால்தான் வெயில் அதிகம் படும் தெற்கு நோக்கிய சுவரில் பீச், அத்தி மரங்களை விசிறிபோல் படரவிட்டார்கள். நிழல் விழும் வடக்கு நோக்கிய சுவருக்குப் புளிப்புச் செர்ரி. சில இடங்களில் மதிலுக்குள்ளேயே புகைவழி வைத்து, பின்புறம் அடுப்பெரித்துச் சுவரையே சூடாக்கினார்கள். நிலம் சரிவாக இருந்தால், தாழ்ந்த பக்கத்தில் கம்பிக் கதவோ திறப்போ இருக்கிறதா என்று தேடுங்கள். குளிர்காற்று கனமானது, கீழே இறங்கித் தேங்கினால் உறைபனி பூக்களைக் கருக்கிவிடும். அது வெளியேறத்தான் அந்த வழி. அழகுக்காக அதை அடைத்துவிடாதீர்கள்.

மதிலைப் பழுதுபார்க்கச் சிமெண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய செங்கலுக்கு ஏற்றது சுண்ணாம்புக் காரைதான். சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்டு பூசினால் ஈரம் செங்கலுக்குள் சிக்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், செங்கலின் முகம் செதில் செதிலாகப் பெயரும். எங்கள் தோட்டத்தின் கிழக்கு மதிலை முன்பு யாரோ சிமெண்டு வைத்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள். சிமெண்டு மட்டும் நிற்கிறது, செங்கல் கரைந்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

உடைந்த கண்ணாடிக் கூடத்தின் சில்லுகளையும் எறியாதீர்கள். கீழ் விளிம்பு வளைவாக வெட்டப்பட்டிருந்தால், மழைநீர் சில்லின் நடுவே வழிந்து மரச்சட்டத்தை நனைக்காமல் இறங்குவதற்காக அப்படி வெட்டியிருப்பார்கள். புதுக் கண்ணாடியையும் அதே வடிவில் வெட்டச் சொல்லுங்கள்.

முடிந்தால் கார்ன்வாலில் உள்ள ஹெலிகன் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். ட்ரெமெய்ன் குடும்பத்தின் பண்ணை அது. முதல் உலகப்போருக்கு முன் 22 தோட்டக்காரர்கள் வேலை செய்த இடம். அவர்களில் பலர் போருக்குப் போனார்கள். திரும்பி வராதவர்கள் பலர். தோட்டம் காடாகிப் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1990இல் இசைத்துறையிலிருந்து வந்த டிம் ஸ்மிட்டும் ட்ரெமெய்ன் வழிவந்த ஜான் வில்லிஸும் முட்புதருக்குள் வழி வெட்டி நுழைந்தார்கள். தோட்டக்காரர்களின் கழிப்பறைச் சுவரில் அவர்களுடைய பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. 1914 ஆகஸ்ட் என்ற குறிப்பும் இருந்தது. மாளிகைக்காரர்களின் தோட்டமாக அல்லாமல், அந்த உழைப்பாளிகளின் தோட்டமாக மீட்டதுதான் ஹெலிகனின் பெருமை என்பேன்.

குளிர் நாட்டில் அன்னாசி வளர்க்க அங்கே கட்டிய அன்னாசிக் குழியே அதற்குச் சான்று. குழியின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் புதுக் குதிரைச் சாணத்தை நிரப்புகிறார்கள். அது நொதிக்கும்போது எழும் வெப்பம், துளைகள் விட்டுக் கட்டிய செங்கல் சுவர் வழியே செடிகளைச் சேர்கிறது. மின்சாரம் கிடையாது, கொதிகலன் கிடையாது. சாணம் ஆற ஆற மாற்ற வேண்டும். வெப்பத்தைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கம் அற்றுப்போயிருந்ததால் செய்துசெய்தே கற்றார்கள். 1997இல்தான் முதல் பழம் வந்தது. பழத்தை மட்டும் பார்த்தால் அது வீண் செலவு. கடையில் அன்னாசி மலிவு. ஆனால் குழியை வெறும் காட்சிப்பொருளாக வைத்திருந்தால் அந்த வேலை திரும்ப வந்திருக்காது.

உங்கள் தோட்டத்தில் முதல் ஆண்டு செய்ய வேண்டியது இவ்வளவே: புதரை அகற்றுங்கள், மதிலில் அறைந்த பழைய ஆணிகளின் வரிசையைப் படமெடுங்கள் (எந்த மரம் எங்கே படர்ந்தது என்று அவை காட்டும்), வடிகால்களைத் தோண்டிப் பாருங்கள். கிழட்டு ஆப்பிள் மரம் ஏதேனும் உயிரோடு இருந்தால் வெட்டாதீர்கள். பழத்தை வைத்து வகையைக் கண்டறிய, கென்டில் உள்ள ப்ராக்டேல் தேசியப் பழமரத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குள் குளிர்காலத்தில் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி வையுங்கள். ஆப்பிளுக்கும் பேரிக்கும் குளிர்காலக் கவாத்து சரி; பீச்சும் செர்ரியும் இருந்தால் கோடை வரை கத்தியை வைக்காதீர்கள், வெள்ளி இலை நோய் என்னும் பூஞ்சை நோய் வெட்டுக்காயம் வழியே புகுந்துவிடும்.