ஓமர் கொன்சாலஸ் பற்றிக் கேளுங்கள்

கால்பந்தில் அமெரிக்காவுக்கு சென்டர் பேக்காக (கோலுக்கு முன் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) ஆடிய ஓமர் கொன்சாலஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பிரபு: அண்ணா, கல்லூரியில் ஆடியவர் நேராக பெரிய அணிக்குப் போனது எப்படி?

பதில்: மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆடியவர். பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கி. 2008 டிசம்பரில் நார்த் கரோலைனாவை 1-0 என்று வென்று மேரிலாந்து தேசிய சாம்பியன் ஆனது. கோல் அடித்தவர் கிரஹாம் சூசி. அடுத்த மாதமே அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸின் டிராஃப்ட். அங்கே எந்த அணிக்குப் போவது என்று வீரர் முடிவு செய்வதில்லை, அணிகள் முறை வைத்து எடுக்கும். முந்தைய சீசனில் அடிவாங்கிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். 2008ல் அடிமட்டத்தில் கிடந்த லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி, மூன்றாவது ஆளாக இவரை எடுத்தது. எடுத்தவர் அந்த அணியின் பயிற்சியாளர் புரூஸ் அரினா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், அதே மேரிலாந்திலிருந்து ஏ.ஜே. டெலகார்சாவையும் கேலக்ஸி எடுத்தது. கொன்சாலஸ் ஆறடி ஐந்தங்குலம், டெலகார்சா ஐந்தடி ஒன்பது. உயரப் பந்து ஒருவருக்கு, பின்னால் ஓடிப் பிடிப்பது இன்னொருவருக்கு. கல்லூரியிலேயே பழகிய ஜோடி என்பதால் பேசிப் பழக வேண்டிய காலம் மிச்சம். 2009ல் கொன்சாலஸுக்குச் சிறந்த புதுமுக வீரர் விருது, 2011ல் சிறந்த டிஃபெண்டர் விருது. கேலக்ஸியோடு 2011, 2012, 2014 என மூன்று எம்எல்எஸ் கோப்பைகள்.

மீனா: முழங்கால் தசைநார் கிழிந்தும் திரும்பி வந்தாராமே? என் தம்பிக்கும் அதே காயம்.

பதில்: 2012 ஜனவரியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் அணிக்குக் கடனாகப் போனார். முதல் பயிற்சியிலேயே கிழிந்தது. அந்த வருட டிசம்பர் 1ல் ஹூஸ்டனுக்கு எதிரான எம்எல்எஸ் இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார். 3-1 வெற்றி, ஆட்ட நாயகனும் அவரே. உங்கள் தம்பி எப்போது ஓடலாம் என்பதை அவரைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

நவீன்: பெக்காமோடு ஆடினாரா?

பதில்: ஆடினார்.

ரஹீம்: யூடியூபில் அவருடைய தொகுப்பு வீடியோ பார்த்தேன், சறுக்கிப் பறிப்பதெல்லாம் அபாரம்!

பதில்: எப்போதும் சொல்வதுதான். டிஃபெண்டரை வீடியோ துணுக்கை வைத்து எடைபோடாதீர்கள். சறுக்க வேண்டி வந்தது என்றால், இரண்டு விநாடிக்கு முன் தப்பான இடத்தில் நின்றார் என்றும் இருக்கலாம். முழு ஆட்டம் பாருங்கள். பந்து இல்லாத பக்கத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

செல்வா: 2018 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போகாததற்குக் காரணமே இவருடைய சேம்சைட் கோல்தானே?

பதில்: இதுதான் வரும் என்று தெரியும். 2017 அக்டோபர் 10, டிரினிடாட்டின் கூவா நகரம், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். மறுநாள் அவருக்கு 29வது பிறந்தநாள். 17வது நிமிடத்தில் உள்ளே வந்த பந்தை வெளியே தள்ளக் காலை நீட்டினார். பந்து எழும்பி, கோல்கீப்பர் டிம் ஹோவர்டின் தலைக்கு மேல் போய் வலையில் விழுந்தது. டிரினிடாட்டின் ஆல்வின் ஜோன்ஸ் தூரத்திலிருந்து இன்னொன்று அடித்தார். அமெரிக்காவின் புலிசிச் ஒன்று திருப்பினார். 2-1 தோல்வி. டிரா செய்திருந்தால் போயிருப்பார்கள்.

செல்வா: நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த கோல் இல்லையென்றால் 1-1.

பதில்: சரி, அப்படியே கணக்குப் போடுவோம். அந்தத் தகுதிச் சுற்று பத்து ஆட்டம். முதல் இரண்டும் தோல்வி, அதில் கோஸ்டா ரிகாவிடம் 4-0. தேசிய அணிப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் வேலை போனது, அந்த இடத்துக்கு அரினா வந்தார். செப்டம்பரில் சொந்த மண்ணிலேயே அதே கோஸ்டா ரிகாவிடம் 2-0. இவற்றில் ஒரு புள்ளி கூடுதலாக எடுத்திருந்தாலும் கூவாவை யாரும் பேசமாட்டார்கள்.

கௌரி: அன்று பனாமா அடித்த கோல் ஒன்றில் பந்து கோல் கோட்டையே தாண்டவில்லை என்கிறார்களே?

பதில்: தாண்டவில்லை. கோஸ்டா ரிகாவுக்கு எதிராகக் கொடுக்கப்பட்டது, பனாமா 2-1 என்று வென்று நேரே ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைக்குப் போனது. ஹோண்டுராஸும் மெக்சிகோவை 3-2 என்று சாய்த்தது. மூன்றும் ஒரே ராத்திரி, அதனால்தான் அமெரிக்கா இந்த இரண்டு அணிகளுக்கும் கீழே போனது. செல்வா, அந்தக் கோட்டைத் தாண்டாத பந்துக்கும் கொன்சாலஸ்தான் காரணமா?

விக்கி: சேம்சைட் கோல் பற்றி உங்கள் கருத்து?

பதில்: மேலே படியுங்கள்.

தினேஷ்: பெக்காம் ஃப்ரீ கிக் ரகசியம்?

பதில்: இது டிஃபெண்டர் பற்றிய பகுதி.

அனிதா: அம்மா அப்பா மெக்சிகோ என்றால் அந்த நாட்டுக்கு ஆடியிருக்கலாமே?

பதில்: வாய்ப்பு இருந்தது. பிறந்தது டாலஸில், ஆடியது அமெரிக்காவுக்கு. 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனி, பெல்ஜியம் இரண்டுக்கும் எதிராகத் தொடக்கத்திலேயே இறங்கினார். ஆனால் கிளப் அளவில் மெக்சிகோவின் பச்சூகாவுக்குப் போய் 2016ல் லீக் பட்டம், 2017ல் கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு) சாம்பியன்ஸ் லீக் இரண்டும் வென்றார். கல்லூரி வழி வந்த அமெரிக்க டிஃபெண்டருக்கு அந்த லீக்கில் இடம் பிடிப்பது லேசில்லை. இதைத்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும், செல்வா விடவில்லை.

செல்வா: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கூவாவில் அரினாவைக் கவிழ்த்தது அவர்தான்.

பதில்: கூவாவோடு அரினாவுக்கு தேசிய அணி வேலை போனது. பிறகு நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் என்ற எம்எல்எஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2022ல் அந்த அணி சேர்த்த சென்டர் பேக் யார் தெரியுமா? கொன்சாலஸ். உங்களைவிட அரினாவுக்குத்தான் கோபம் இருந்திருக்க வேண்டும்.