நீளமான ஹால், வெட்டுப்பட்ட மூலை, நடுவுல பில்லர்: சோபாவை எங்க போடறது?

கேள்வி: எங்க ஹால் 18 அடி நீளம், 9 அடி அகலம். மெயின் டோர் ஒரு குட்டை சுவர்ல இடது ஓரமா இருக்கு, கிச்சன் வாசல் எதிர் குட்டை சுவர்ல வலது ஓரமா இருக்கு. இடது நீள சுவர்ல ஜன்னல். கிச்சன் பக்கத்து இடது மூலை நேரா இல்லாம சாய்வா வெட்டின மாதிரி இருக்கு, ரெண்டு சுவர்லயும் 3 அடி போயிடுது. வலது சுவர்ல சரியா நடுவுல ஒரு பில்லர், ஒரு அடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. 8 அடிக்கு 5½ அடி எல் சோபா ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், ஆறு பேர் உக்கார்ற நீள டைனிங் டேபிளும் போடணும்னு ஆசை, வீட்ல நாலு பேர் தான். சாய்வு மூலையில ஷோகேஸ் வைக்கலாமா? எதுவுமே பொருந்தாத மாதிரி இருக்கு.

பதில்: அந்த எல் சோபாவுக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கலைனா தயவுசெஞ்சு குடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

உங்க ஹால்ல பிரச்னை சாய்வு மூலையும் இல்ல, பில்லரும் இல்ல. உள்ள வர்ற வாசல் இடது ஓரத்துல, கிச்சன் போற வாசல் எதிர்பக்கம் வலது ஓரத்துல, அதனால ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடந்தாலும் கால் ஹாலை குறுக்கா வெட்டிக்கிட்டு தான் போகும், நீங்க எந்த சாமானை எங்க வச்சாலும் அது அந்த குறுக்கு வழியில தான் இடிக்கும். அதனால சோபா எங்க, டேபிள் எங்கன்னு ஆரம்பிக்காதீங்க. மொதல்ல நடக்குற வழி எதுன்னு முடிவு பண்ணிட்டு, மிச்சம் இருக்குற இடத்துக்கு ஏத்த வடிவத்துல சாமான் தேடுங்க. அடிக்கடி நடக்குற வழிக்கு 3 அடி இருந்தா தாராளம், 2½ அடி வரைக்கும் ஓகே, அதுக்கு கீழ போனா கையில எதையாவது தூக்கிக்கிட்டு வர்றப்ப எரிச்சலா இருக்கும்.

இப்ப உங்க எல் சோபாவை போட்டு பாப்போம். நீள பக்கம் 8 அடி வலது சுவரை ஒட்டி, குட்டை கை 5½ அடி ஹால் நடுவுக்கு நீட்டுது. 9 அடியில 5½ போனா மிச்சம் 3½, எதிர் சுவர்ல டிவி யூனிட் ஒண்ணேகால் அடி ஆழம் எடுத்துக்கும், ஆக வழி ரெண்டேகால் அடி. அந்த ரெண்டேகால் அடியும் டிவிக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கு, அதாவது யார் கிச்சனுக்கு போனாலும் திரையை மறைச்சுக்கிட்டு தான் போகணும். எல் சோபா நல்ல வடிவம் தான், ஆனா அதோட குட்டை கைக்கு யாரும் நடக்காத ஒரு முட்டு மூலை வேணும். ரெண்டு பக்கமும் வாசல் இருக்குற உங்க ஹால்ல அந்த சாய்வு மூலையை விட்டா அப்படி ஒரு மூலை கிடையாது, சாய்வுல எல் பொருந்தாது.

சரி, என்ன பண்ணலாம்? சோபாவை திருப்புங்க. நீள ரூம்னா நீள சுவரை ஒட்டித்தான் சோபான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அப்படி எல்லாத்தையும் சுவரோட ஒட்ட வச்சா தான் ஹால் ரயில் பெட்டி மாதிரி ஆகுது. 6 அடி நீள சோபா ஒண்ணை எடுத்து அகலவாக்குல குறுக்கா போடுங்க, அதோட ஒரு கை வலது சுவரை ஒட்டி, முதுகு சரியா பில்லர் ஆரம்பிக்கிற இடத்துல, முகம் மெயின் டோர் சுவரை பாத்து. இடது பக்கம் 3 அடி வழி அப்படியே கெடைக்கும், ஜன்னல் முன்னாடி எதுவும் நிக்காது, வெளிச்சமும் தடையில்லாம வரும். மெயின் டோர் சுவர்ல கதவு, சட்டம்லாம் போக சுமார் 5½ அடி சுவர் மிச்சம் இருக்கும், அங்க டிவி. 55 இன்ச் டிவி அகலம் 4 அடி தான் வரும், சோபால சாஞ்சு உக்காந்தா கண்ணுக்கும் திரைக்கும் சுமார் 7½ அடி தூரம். திரை சைஸ்ல ஒன்றரை மடங்கு தூரம் இருந்தா பாக்க வசதியா இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு, 55 இன்ச்சுக்கு அது 7 அடி கிட்ட வருது, அதனால நல்லாவே பொருந்துது. முக்கியமா, உள்ள வர்றவங்க சோபாவுக்கு பக்கவாட்டுல நடந்து போவாங்க, டிவி முன்னாடி யாரும் குறுக்க வர மாட்டாங்க.

இப்படி போட்டதும் 18 அடி ஹால் 9க்கு 9ன்னு ரெண்டு சதுர இடமா பிரிஞ்சிடுது பாருங்க. அந்த பில்லர் இவ்ளோ நாள் தொல்லையா இருந்துச்சு இல்லையா, இப்ப அது தான் ரெண்டு இடத்துக்கும் எல்லைக்கோடு. எனக்கு இந்த ஹால்ல ரொம்ப பிடிச்சதே அந்த பில்லர் நிக்கிற இடம் தான், ஒரு அடி முன்ன பின்ன இருந்திருந்தா கூட இவ்ளோ சுத்தமா வந்திருக்காது.

சோபா வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு கையோட தடிமன். 6 அடி சோபால கை ஒவ்வொண்ணும் 9 இன்ச் தடிமன்னா உக்கார்ற இடம் 54 இன்ச் தான், மூணு பேர்னா ஆளுக்கு 18 இன்ச், நெருக்கடி. அதே சோபா 4 இன்ச் கையோட வந்தா 64 இன்ச், ஆளுக்கு 21 இன்ச் கெடைக்கும், வெளி அளவு மாறவே இல்ல. ரெண்டாவது அதோட முதுகு. சுவரோட ஒட்டி வைக்கிறதுக்குன்னு செய்யற சோபால பின்னாடி வெறும் லைனிங் துணி அடிச்சு விட்டிருப்பாங்க, உங்க சோபாவோட முதுகு டைனிங் பக்கம் இருந்து தினமும் கண்ணுல படும், அதனால நாலு பக்கமும் ஒரே துணி போட்டதா கேளுங்க, உயரமும் 32 இன்ச்சுக்கு மேல வேண்டாம், இல்லனா நடுவுல சுவர் எழுப்பின மாதிரி ஆயிடும். ஆழம் 33 இன்ச் போதும். எல் வடிவம் தான் வேணும்னு மனசு கேக்கலைனா வலது சுவரை ஒட்டி ஒரு சிங்கிள் சேரோ, முதுகு இல்லாத மெத்து இருக்கையான பெரிய பஃபோ போடுங்க, அதே எல் தான், ஆனா வேணும்கிறப்ப நகத்திக்கலாம். சென்டர் டேபிளுக்கு கூர் மூலை இல்லாத சின்ன வட்டம் எடுங்க, சோபா விளிம்புல இருந்து 16 டு 18 இன்ச் தள்ளி.

அடுத்து டைனிங். ஆறு பேர் நீள டேபிள் 5 அடிக்கு 3 அடின்னு வச்சுக்குவோம், நாற்காலி இழுத்து எழுந்திரிக்க ரெண்டு பக்கமும் 2½ அடி வேணும், ஆக 8 அடி. அதோட கிச்சன் வழி அடைஞ்சு போச்சு. நாலு பேர் தானே, 3 அடி விட்டம் வட்ட டேபிள் எடுங்க. சுத்தளவுல ஆளுக்கு 28 இன்ச் வரும், நேர் டேபிள்ல ஒருத்தருக்கு 24 இன்ச் போதும்னு தான் கணக்கு வைப்போம். எங்கெல்லாம் நடந்து வந்து திரும்பறோமோ அங்க வட்டம் நல்லது, இடுப்புல இடிக்க முனை இருக்காது. ஆனா நாலு கால் வச்ச வட்டம் வேண்டாம், நடுவுல ஒத்தைக் கால் இருக்குறது தான் வேணும், அது ஏன்னு இப்ப வர்றேன்.

சாய்வு மூலையில ஷோகேஸ் வைக்காதீங்க. அது ஹால்லயே யாரும் நடக்காத ஒரே இடம், அதை மூடி வைக்கிற சாமானுக்கு குடுத்தா வேஸ்ட். அந்த சாய்வு சுவர் 4¼ அடி நீளம் வரும், அதை ஒட்டி 4 அடி நீளத்துல, 1½ அடி ஆழத்துல ஒரு பெஞ்ச் அடிங்க, ரெண்டு பேர் வசதியா உக்காரலாம். பெஞ்சோட பெரிய லாபம் என்னன்னா அதை பின்னாடி இழுக்க வேண்டியதில்ல, அதனால அந்த பக்கம் 2½ அடி காலி விட வேண்டிய கட்டாயமே இல்ல. வட்ட டேபிளை பெஞ்ச் மேல ரெண்டு மூணு இன்ச் ஏறின மாதிரி வைங்க, எதிர்பக்கம் ரெண்டு நாற்காலி. பெஞ்சுக்கு பக்கவாட்டுல நகந்து தான் போகணும், அப்ப டேபிள் கால் முட்டியில இடிக்கக் கூடாதுன்னு தான் ஒத்தைக் கால் சொன்னேன். பெஞ்ச் அடியில டிராயர் வச்சா ஷோகேஸ்ல வைக்க நினைச்சதுல பாதி அதுக்குள்ள போயிடும். டேபிளுக்கும் சோபா முதுகுக்கும் நடுவுல 4 அடி இருக்கும், நாற்காலியில ஆள் உக்காந்திருக்கும்போது அதுல பின்னாடி 2 அடி தான் மிஞ்சும், அந்த நேரம் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி தான் போகணும், அதை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

மீதி ஷோகேஸ் சாமானுக்கு பில்லர் தாண்டி கிச்சன் பக்கம் வலது சுவர்ல 11 இன்ச் ஆழத்துல 3 அடி நீள ஷெல்ஃப் போடலாம், பில்லரோட முகத்துக்கு உள்ள அடங்கிடும், பாக்க சுவரே அப்படித்தான் இருக்குன்னு தோணும். 3 அடிக்கு மேல நீட்டாதீங்க, நாற்காலி பக்கம் நெருக்கும்.

மூலையில சாமானை சாய்ச்சு வைக்கிறது பத்தி பொதுவா நிறைய பேர் கேக்கறாங்க, அதையும் சொல்லிடறேன். நேர் மூலையில 5 அடி அகல கேபினெட்டை 45 டிகிரி சாய்ச்சு வச்சா பின்னாடி ஆறேகால் சதுர அடி முக்கோணம் செத்துப் போகும், அங்க கை கூட போகாது. இடம் தாராளமா இருந்தா ஒழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டி தரையில எல்லாத்தையும் வரையுங்க, நாற்காலி உள்ள தள்ளின நிலையில வரையாதீங்க, இழுத்த நிலையில வரையுங்க, கதவு திறந்து வர்ற வளைவையும் சேத்து. சோபா முதுகு வர்ற இடத்துல அட்டைப்பெட்டிகளை 32 இன்ச் உயரத்துக்கு அடுக்குங்க, ஏன்னா டேப் உயரத்தை காட்டாது. ரெண்டு மூணு நாள் அதை சுத்தியே நடந்து பாருங்க, எங்க கோட்டை மிதிக்கிறீங்களோ அங்க சாமான் இடிக்கப் போகுதுன்னு அர்த்தம்.

சோபா உள்ள வருமான்னு பாக்க கதவு சட்டத்தை அளக்காதீங்க, கதவை முழுசா திறந்து வச்சு அந்த இடைவெளியை அளங்க, கதவோட தடிமன் ஒன்றரை இன்ச் வரைக்கும் சாப்பிடும். லிஃப்ட், மாடிப்படி திரும்பற இடம் ரெண்டையும் பாருங்க, கால் கழட்டற மாதிரி சோபா இருந்தா இன்னும் 4, 5 இன்ச் மிச்சமாகும். பெஞ்ச் மட்டும் ரெடிமேடா வாங்காதீங்க. சாய்வு சுவர் பாக்க 45 டிகிரி மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு மூணு டிகிரி தள்ளி தான் இருக்கும், பூச்சும் மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி இருக்கும், அதனால கார்பென்டர்கிட்ட தரை மட்டத்துல ஒண்ணு, உக்கார்ற உயரத்துல ஒண்ணுன்னு அட்டையில ரெண்டு அச்சு வெட்டி எடுக்க சொல்லிட்டு அப்புறமா பலகை அறுக்க சொல்லுங்க.