டப்பாவை வெறுமனே அனுப்பாதீர்கள்

கேள்வி: என் கணவர் மெக்சிகோக்காரர். திருமணமாகி குவாதலஹாராவில் குடியேறி ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் மாமியார் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. போன மாதம் எல்லோர் முன்னிலையிலும் என்னை 'கோர்தித்தா' என்று கூப்பிட்டார். ஸ்பானிஷ் அகராதியைப் பார்த்தேன். 'கோர்தா' என்றால் குண்டானவளாம். கணவரோ அது செல்லப் பெயர் என்கிறார். தலைவலி என்று அவரைச் சொல்லச் சொல்லிவிட்டு, நான்கு ஞாயிறாகப் போகவில்லை. நான் சைவம் என்பதால் கொழுப்பு சேர்க்காத பீன்ஸை மாமியார் டப்பாவில் கொடுத்தனுப்புகிறார்; கழுவித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மரியாதை இல்லாத இடத்தில் எப்படி உறவாடுவது?

பதில்: அந்த ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், டப்பாவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

மெக்சிகோ வீடுகளில் வெந்த பீன்ஸை மசித்துப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் பரம்பரை வழக்கம். அப்படிச் சமைத்துப் பழகிய கை, உங்களுக்காகத் தனிச் சட்டி வைத்து எண்ணெய் ஊற்றி வதக்குகிறது. நீங்கள் வராத ஞாயிறுகளிலும் அந்தச் சட்டி அடுப்பேறியிருக்கிறது. நீங்களோ ஒரு பிடி சர்க்கரைகூடப் போடாமல் டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறீர்கள், நான்கு முறை. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையா? மரியாதை கொடுக்காதது யார் அம்மா?

அகராதி பொய் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னால் கோர்தா என்பது குண்டுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. கட்டைவிரல் 'கோர்தோ' விரல். ஸ்பெயினில் டிசம்பர் 22 அன்று குலுக்கும் கிறிஸ்துமஸ் லாட்டரியின் முதல் பரிசுக்கு 'எல் கோர்தோ' என்று பெயர். சோள மாவைத் தடியாகத் தட்டிச் சுட்டு, வயிற்றைக் கீறி, பீன்ஸும் சீஸும் அடைத்து மெக்சிகோவில் விற்கிறார்களே, அதுவும் 'கோர்தித்தா'தான். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு மந்தபுத்தி என்று பொருள். அங்கே கிளம்பிய சொல், இன்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கொஞ்சிக் கூப்பிடும் பெயராகியிருக்கிறது. ஒல்லிக்குச்சியாக இருப்பவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

வெறுப்பைக் காட்டவும் இதே சொல் உதவும். 'மே காயே கோர்தா' என்றால் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று அர்த்தம். உங்கள் மாமியார் அதைச் சொல்லவில்லை. 'இத்தா' என்ற செல்ல விகுதியைச் சேர்த்து, சாப்பிடும் இடத்தில் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் பாட்டி, பேத்தியைக் 'கருப்பி' என்று கூப்பிட்டு மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டால் அகராதியையா புரட்டுகிறோம்?

வலியை விழுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயர் உறுத்துகிறது என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை உங்கள் வாயால், அவர் முகத்தைப் பார்த்து, அவர் மொழியில் சொல்லுங்கள். பெற்ற தாயிடம் மகனைப் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்களே, அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒன்றரை வருடத்தில் தட்டுத் தடுமாறியாவது மாமியாரோடு நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்தால், இந்தச் சந்தேகத்தை அவரிடமே கேட்டிருப்பீர்கள்.

வரும் ஞாயிறு டப்பாவை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். எலுமிச்சைக்கும் வேர்க்கடலைக்கும் அந்த ஊரில் பஞ்சமில்லை. எலுமிச்சை சாதம் கிளறி, டப்பா நிறைய வையுங்கள். நேராகச் சமையலறைக்குப் போய், உங்கள் பீன்ஸ் வதங்கும் சட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். 'கோர்தித்தா' என்று அவர் கூப்பிட்டால், பெரியவர்கள் அழைக்கும்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வதுபோல 'மாந்தே' என்று திரும்புங்கள். பெயர் பிடிக்கவில்லை என்பதைச் சாப்பிட்டு முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம்.