பூச்சு இறுகிவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சு மூன்றே நாளில் இறுகிவிட்டது, இனி நீராற்றத் (தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கத்) தேவையில்லை என்கிறார் கொத்தனார். விரைவில் இறுகுவதற்கு மருந்தும் கலந்தாராம். இது சரியா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: சரியன்று. சிமென்ட் கலவை உலர்வதால் உறுதி பெறுவதில்லை. சிமென்ட் நீருடன் வினைபுரிந்து, மணலைப் பிணைக்கும் பொருளை உண்டாக்குவதாலேயே உறுதி பெறுகிறது என்பதால், ஈரம் வற்றினால் அந்த வினையும் பாதியில் நின்றுவிடும். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாளாவது நீராற்ற வேண்டும். இன்று பலரும் வாங்கும் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட், தொடக்கத்தில் மெதுவாக வலுவேறி, 28 நாளுக்குப் பிறகும் தொடர்ந்து முதிரும் இயல்புடையது. அதற்கு 10 நாளாவது வேண்டும். கடும் வெயிலில் வேளைக்கொரு முறை தண்ணீர் தெளிப்பதைவிட, நனைத்த சாக்கைச் சுவரில் தொங்கவிடுவதே மேல். இன்றே மீண்டும் தொடங்குங்கள்.

விரைவாக இறுகச் செய்யும் மருந்து, முதல் சில நாள்களின் வலிமையைக் கூட்டுமே தவிர, நீராற்றுதலுக்கு ஈடாகாது. அதில் கால்சியம் குளோரைடு இருந்தால் கம்பிகள் துருப்பிடிக்கும். ஆகவே கம்பி உள்ள இடங்களில் அதைத் தவிர்க்கவும். சுண்ணாம்புக் காரையில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்த பழைய வழக்கத்தை நம்பிச் சிமென்ட்டில் வெல்லம் கரைப்பவர்களும் உண்டு. சர்க்கரை சிறிதளவு சேர்ந்தாலும் சிமென்ட் இறுகுவது பெரிதும் தாமதமாகும்.